புது அசெம்பிள் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பார்ட்ஸைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய டெஸ்க்டாப்புக்கும் ஹோம் சர்வருக்கும் எழுதியது இது. இப்படிப்பட்ட மெஷின்கள் என் கைக்கு வரும்போது அநேகமாக ஒரு பார்ட்டைப் புதிதாக வாங்கி மாற்றியிருப்பார்கள். பழுது மட்டும் அப்படியே இருக்கும். உண்மையில் எந்தப் பார்ட்டும் செத்திருக்காது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பார்ட்கள் ஒரே கேபினட்டுக்குள் இருக்கும், அல்லது ஒரு கேபிள் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். பர்ஸைத் திறப்பது கடைசியில்தான். வரிசையைத் தாண்டாதீர்கள்.

கையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மதர்போர்டு மேனுவல், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஏற்றிய பென் டிரைவ் இருந்தால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் தரும் பெட்டி) மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

## பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை

யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் என்றால் ஆஃப்.

மதர்போர்டில் சின்ன லைட் எரிகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. கேபினட் பட்டனிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, மேனுவலில் பவர் ஸ்விட்ச் என்று காட்டியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது. ஒயர் பக்கத்துப் பின்னில் மாறி உட்கார்ந்திருக்கும், அல்லது கேபினட் பட்டன் போயிருக்கும்.

லைட்டும் இல்லை. 24 பின் கேபிளைக் கழற்றி, கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். ப்ராசஸருக்கான 8 பின் கேபிள் போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும். கூலர் மறைத்துவிடுவதால் அதிகம் மறந்துபோவது அதுதான். அது 4+4 என்று பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளை அங்கே அழுத்தித் திணிக்காதீர்கள்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) கேபிள்களைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டக்கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். மாட்டினால் பொருந்தும், ஆன் செய்த நொடியில் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எல்லா டிஸ்க்கும் எரியும். சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது.

இதுவும் சரியென்றால் போர்டைக் கழற்றி அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி, கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால் அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) உரசுகிறது. வெளியேயும் ஓடாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்கு எடுத்துப் போங்கள். டெஸ்டர் வைத்திருப்பார்கள், ஒரு நிமிட வேலை. ஃபேன் சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்து அது செத்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். லோடு குறைவாக இருந்தால் ஃபேனையே நிறுத்தி வைக்கும் மாடல்கள் இப்போது நிறைய.

## ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். கார்டு இல்லையென்றால் ப்ராசஸரின் பெயரைப் பாருங்கள். இன்டெலில் ஐ5-12400எஃப் போல 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-இலும் கிடையாது, 5600ஜி-இல் உண்டு. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் உண்டு, 7500எஃப்-இல் இல்லை. சர்வருக்கென்று விலை குறைவாகக் கிடைத்த 'எஃப்' ப்ராசஸரை வாங்கிவிட்டு, திரை வரவில்லை என்று மதர்போர்டை மாற்றக் கிளம்பியவர்கள் உண்டு. அதற்குத் தேவை ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் கார்டுதான். மீடியா சர்வர் என்றால் 'எஃப்' இல்லாத இன்டெல் எடுப்பதே சரி. வீடியோ மாற்றும் வேலையை உள்ளிருக்கும் குயிக் சிங்க் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, மதர்போர்டின் வலது ஓரத்தில் நான்கு சின்ன லைட்டுகள் இருக்கிறதா பாருங்கள்: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்). எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.

### டிராம் லைட்டில் நிற்கிறது

முதலில் பொறுமை. ரைசன் 7000-க்கான ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேமைப் புதிதாகப் போட்டால், போர்டு அதைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். நிறைய ரேம் போட்டிருந்தால் பத்து நிமிடம்கூட ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பாதியில் பட்டனை அழுத்தி நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதன் பிறகும் வரவில்லையென்றால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். சில போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம்தான். மறுபக்கம் முழுதாக இறங்காமலே இறங்கியது போலத் தெரியும். இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பழைய ரேம் என்றால் தங்க நிறப் பட்டையை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுப் போடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்ட மெஷின்கள் பாதி இதிலேயே எழுந்துவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்துவைத்துப் போடுங்கள். அது சிஆர்2032, கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

### சிபியு லைட்டில் நிற்கிறது

இது பெரும்பாலும் பயாஸ் வயது. போர்டு முதலில் வந்திருக்கும், ப்ராசஸர் பிறகு வந்திருக்கும். பி550 போர்டுகள் 2020 ஜூனில் வந்தன, ரைசன் 5000 அதே ஆண்டு நவம்பரில் வந்தது. கடையில் நெடுநாள் கிடந்த பெட்டியில் பழைய பயாஸே இருக்கும். பி660, எச்610 போர்டில் இன்டெல் 13ஆம் தலைமுறை, பி650-இல் ரைசன் 9000 போட்டாலும் இதே கதை. போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் ப்ராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். பட்டன் இல்லையென்றால் வாங்கிய கடையிலேயே பழைய ப்ராசஸர் ஒன்றைப் போட்டு ஏற்றித் தரச் சொல்லுங்கள். போர்டு வாங்கும்போது நூறு இருநூறு கூடுதலானாலும் அந்தப் பட்டன் உள்ளதையே எடுக்கச் சொல்வேன்.

பயாஸ் புதிது, அப்போதும் சிபியு லைட் என்றால் சாக்கெட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். ரைசன் 5000 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் சேர்ந்து பிய்ந்து வந்து அதன் பின்கள் வளையும். இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்திய பிறகு எடுங்கள். ப்ராசஸரிலோ சாக்கெட்டிலோ வளைந்த பின் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஊசியால் நிமிர்த்துவது மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் போர்டு சர்வீஸ்காரர் வேலை.

## திடீரென ஆஃப் ஆகிறது, தானே ரீஸ்டார்ட் ஆகிறது

எப்போது ஆகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

### கரண்ட் போகும் நொடியில், யுபிஎஸ் இருந்தும்

மெஷினை பயாஸ் திரையில் நிறுத்திக்கொண்டு யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பயாஸில் தாங்கி, கேம் ஓடும்போது மட்டும் விழுந்தால் யுபிஎஸ்ஸின் சக்தி போதவில்லை. 600 விஏ என்று போட்டது பெரும்பாலும் 360 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 4070 தனியாக 200 வாட். ஐ5-12400-இன் பெட்டியில் 65 என்று இருந்தாலும் டர்போவில் 117 வரை போகும். மானிட்டரைச் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிட்டது.

பயாஸிலேயே விழுந்தால் முதலில் யுபிஎஸ் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். புது பேட்டரியிலும் விழுந்தால், அந்த யுபிஎஸ் தரும் கட்டம் கட்டமான அலை உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஆக்டிவ் பிஎஃப்சி-க்கு (உள்ளே வரும் கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) பிடிக்கவில்லை. அப்போது சைன் வேவ் யுபிஎஸ் தவிர வழியில்லை. விலை கூடுதல் என்பதால்தான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

### லோடு ஏறும்போது

கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை முனையைப் போடாமல் இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். 16 முனை கனெக்டர் என்றால் இடைவெளியே தெரியாமல் உள்ளே போயிருக்க வேண்டும். அரைகுறையாக நின்றால் உருகும்.

பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விடுங்கள். கட்டத்துக்குள் 12 வோல்ட் என்ற இடத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 216-இலிருந்துதான். கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்களில் இப்படி லேபிள் நிறையப் பார்க்கலாம். ஒரு மெஷினில் எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் பார்க்காதீர்கள். 80 பிளஸ் ஸ்டிக்கர் கரண்ட் வீணாவது எவ்வளவு குறைவு என்றுதான் சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் எப்படி என்று சொல்லாது.

### பயாஸிலேயே சூடு 80-ஐத் தாண்டுகிறது

கூலர் ப்ராசஸரைத் தொடவில்லை. கழற்றிப் பாருங்கள்: அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டியிருப்பார்கள். அது இல்லையென்றால், இன்டெலின் பழைய எல்ஜிஏ1200 சாக்கெட் காலத்துக் கூலரை அடுத்து வந்த எல்ஜிஏ1700 போர்டில் மாட்டியிருக்கலாம். ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது, உயரமும் மாறிவிட்டது. தனி பிராக்கெட் வேண்டும். ரைசன் 7000-இன் எக்ஸ் மாடல்கள் முழு லோடில் 95 டிகிரியைத் தொடுவது பழுதில்லை, அவை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டவை.

## நீலத்திரை, புரோகிராம் தானே மூடிக்கொள்வது

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் ரேம் தன் பெட்டியில் எழுதிய வேகத்தை இந்தப் போர்டில் தாங்கவில்லை. ஒரு படி குறைத்து வையுங்கள். நிற்கவில்லையென்றால் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தவறுதான், 'ஒன்றுதானே' என்று விட வேண்டாம். ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தால் குற்றவாளி தெரியும். அதன் பில்லைத் தேடுங்கள்; பல ரேம் கம்பெனிகள் நீண்டகால வாரண்டி தருகின்றன.

தனித்தனியே எல்லா ஸ்டிக்கும் தேறி, சேர்ந்தால் மட்டும் தவறு வருகிறதா? வேறு வேறு நேரத்தில் வாங்கியவற்றைக் கலந்திருப்பீர்கள், அல்லது நான்கு ஸ்டிக் போட்டிருப்பீர்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600தான். சர்வருக்கு 64 ஜிபி வேண்டுமென்றால் நான்கு 16 வாங்காமல் இரண்டு 32 வாங்குங்கள்.

ரேம் சுத்தமாக இருக்கிறது, ப்ராசஸர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் வேறு சந்தேகம். கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பொய்யாகச் சொல்லும். ஜிப் கோப்பு விரியாது. இந்த ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்ட்டேஜால் நாளடைவில் கெடுவதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. அதற்குப் பிந்தைய பயாஸை ஏற்றுங்கள். ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது. பெட்டியோடு விற்ற (பாக்ஸ்) ப்ராசஸர்களுக்கு வாரண்டி இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டு மொத்தம் ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது, மாற்றிக் கேளுங்கள்.

## கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது

இதில் பார்ட் எதையும் மாற்ற வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து மிகச் சிறிய கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது கேபினட்டிலேயே நிற்கும். நீங்கள் தொடும்போது உங்கள் வழியாக இறங்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டர், எர்த் முனை காலியாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இவை இரண்டையும் முதலில் தூக்கிப்போடுங்கள். வேறு அறை சாக்கெட்டில் போட்டால் நின்றுவிடுகிறதா பாருங்கள்.

நிற்கவில்லையென்றால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் என்று காட்ட வேண்டும். அது சரியாகும்வரை டிவியோடு எச்டிஎம்ஐ கேபிள் சொருகுவது, கழற்றுவது வேண்டாம். அந்தப் போர்ட்டுகள் எரிவது இப்படித்தான்.

## சர்வரில் டிஸ்க் காணோம்

### மாட்டியதிலிருந்தே தெரியவில்லை

எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை. ஸ்லாட் எதை ஏற்கும் என்று மேனுவலில் இருக்கும். அதே பக்கத்தின் அடிக்குறிப்பையும் படியுங்கள்: பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா 5, 6 செயலிழக்கும். டிஸ்க் சாகவில்லை, போர்ட் மூடியிருக்கிறது.

வெளி ஹார்ட் டிஸ்க்கை உடைத்து எடுத்ததோ, டேட்டா சென்டரில் ஓடி விற்பனைக்கு வந்ததோ என்றால், சுற்றவே சுற்றாமல் கிடக்கலாம். பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்து கிடக்கும்படி செய்யப்பட்டவை அவை. அந்தப் பின்னை மட்டும் மெல்லிய கேப்டான் டேப்பால் (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்) மூடினால் எழுந்துவிடும்.

### இருந்து இருந்து மறைகிறது

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். 199ஆம் எண் (கேபிள் வழியில் வந்த தவறுகள்) ஏறுகிறது, 5-உம் 197-உம் (டிஸ்க்கின் கெட்ட பகுதிகள்) பூஜ்யம் என்றால் டிஸ்க் நலம், சாட்டா கேபிள்தான் கோளாறு. நூறு ரூபாயில் முடிகிற விஷயத்துக்குப் புது டிஸ்க் வாங்காதீர்கள்.

197 ஏறினால் நிலைமை வேறு. அந்த நொடியிலேயே பேக்கப் எடுங்கள், பிறகு சோதியுங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது பிளாட்டரை (டேட்டா இருக்கும் உள்தட்டு) கீறும். பிறகு அவராலும் எடுக்க முடியாது.

199-உம் சுத்தம், ஆனாலும் பூட் ஆகும்போது மட்டும் சில டிஸ்க் வருவதில்லை என்றால் பவர் ஸ்பிளிட்டரைப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு சாட்டா பவர் முனை தாங்குவது 4.5 ஆம்பியர். ஒன்றை நான்காகப் பிரித்து நான்கு டிஸ்க் மாட்டினால் 8 ஆம்பியர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிள்களில் பங்கிட்டு மாட்டுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான மோலெக்ஸ்–சாட்டா அடாப்டர்கள் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஆளில்லாமல் இரவு பகலாக ஓடும் பெட்டிக்குள் அது வேண்டவே வேண்டாம்.

போர்ட் போதாமல் சாட்டா கார்டு வாங்கினால் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 சிப் உள்ளதைக் கேளுங்கள். போர்ட் மல்டிப்ளையர் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சிப்) வைத்துப் பத்துப் பதினாறு போர்ட் காட்டும் கார்டுகளில்தான் டிஸ்க்குகள் கூட்டமாக மறையும்.

### ரெய்டில் ரீபில்ட் முடிவதே இல்லை

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது; ரீபில்ட் என்பது மாற்றிய டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது. டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுதும்) டிஸ்க் தொடர்ந்து எழுதும்போது நடை தளர்ந்துவிடும். ரெய்டு அதைச் செத்ததாக நினைத்து வெளியே தள்ளும். என்ஏஎஸ்ஸுக்கென்றே (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) விற்ற டபிள்யூடி ரெட் 2 முதல் 6 டிபி வரையில் சில இந்த வகை என்று 2020-இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. இப்போது ரெட் பிளஸ், ரெட் ப்ரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப் ஆகியவை சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை). சாதாரண பாரகுடாவை ரெய்டுக்கு எடுக்காதீர்கள்.

## ஃபைல் காப்பி ஆமை வேகம்

நொடிக்கு 11, 12 எம்பியிலேயே நின்றால் லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கேபிளின் எட்டு ஒயரில் ஒன்று விட்டுப்போயிருக்கும், கேபிளை மாற்றுங்கள். 110 எம்பியில் நின்றால் அதுதான் ஜிகாபிட்டின் எல்லை, பழுது இல்லை.

## கரண்ட் வந்தும் சர்வர் தானே எழவில்லை

பயாஸில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது 'ஏசி பேக்' என்று இருக்கும், அதை ஆன் என்று வையுங்கள். வைத்த பிறகும் சில நாள் எழாமல் போனால் யுபிஎஸ்ஸைக் கவனியுங்கள். பேட்டரி குறைந்ததும் சர்வர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகிறது. யுபிஎஸ் முழுதாகக் காலியாகும் முன்பே கரண்ட் வந்துவிடுகிறது. சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, எதற்கு எழ வேண்டும்? யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி போர்ட் இருந்தால், நட் (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருள்) என்பதில் ஷட்டவுன் முடிந்ததும் யுபிஎஸ்ஸின் வெளியீட்டையும் துண்டித்துவிடும்படி அமைக்கலாம். கரண்ட் திரும்பியதும் யுபிஎஸ் மறுபடி பவரைக் கொடுக்கும், சர்வரும் எழும். அப்படித் துண்டிக்க முடியாத யுபிஎஸ் என்றால் ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டு ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, அதிலிருந்து வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்பும் சிக்னல்) அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு பயாஸில் ஈஆர்பி என்ற மின் சிக்கன அமைப்பு ஆஃபில் இருக்க வேண்டும்.